தலையணை மொத்தத்தில் ஒரு நெப்போலியன்

ஜூலை 2, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய நெப்போலியன் புத்தகம். தலையணை மொத்தம். அட்டை கிழிந்திருந்ததால் பேரம் சீக்கிரம் படிந்தது. பின்னட்டையில் 'நடுநிலையான வாழ்க்கை வரலாறு' என்று போட்டிருக்கிறார்கள். நெப்போலியனுக்கு நடுநிலையா? எங்கள் எதிர் வீட்டு சொல்தா தாத்தாவிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களுக்குப் புதுச்சேரியில் அதுதான் பெயர்.) அவர் வீட்டு அலமாரியில் வேளாங்கண்ணி மாதாவுக்குப் பக்கத்தில் நெப்போலியன் மார்பளவுச் சிலை ஒன்று நிற்கிறது. இரண்டுக்கும் தினம் தூசி தட்டுவார்.

1769 ஆகஸ்ட் 15, கோர்சிகாத் தீவின் அஜாக்ஸியோவில் பிறப்பு. ஜெனோவாவிடமிருந்து தீவு பிரான்ஸ் கைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ராணுவப் பள்ளியில் அவருடைய பிரெஞ்சு உச்சரிப்பைக் கேட்டுப் பையன்கள் கேலி செய்திருக்கிறார்கள். குள்ளம் என்பதும் கதைதானாம். அன்றைய பிரெஞ்சுக்காரருக்கு அது சராசரி உயரம். ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரர்கள் சுருக்கிவிட்டார்கள்.

ஜூலை 5, வெள்ளி

யாஃபா, பாலஸ்தீனக் கடற்கரை ஊர். மின்சாரம் இல்லாத மதியத்தில், விசிறிக்கொண்டே படித்தேன்.

1799 மார்ச். எகிப்திலிருந்து கிளம்பிப் போன நெப்போலியன் படை ஊரைப் பிடிக்கிறது. சரணடைந்தவர்களை ஆயிரக்கணக்கில் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கொல்கிறார்கள். ஆசிரியர் மழுப்பவில்லை. ஆனால் உடனே நெப்போலியன் தரப்பையும் வைக்கிறார்: இனிச் சண்டை போட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து முன்பு பிடிபட்ட எல் ஆரிஷ் கோட்டையில் விடுதலையானவர்கள் அதில் இருந்தார்கள், சோறு போட வழியில்லை, காவல் போட ஆளில்லை. சரி, வாக்குத் தவறியவர்கள் சிலர் இருந்தார்கள். மற்றவர்கள்?

அந்தக் கொலை நடந்த சூட்டிலேயே, மார்ச் 11-ஆம் தேதி, அதே ஊரில் பிளேக் நோயாளிகள் கிடந்த இடத்துக்குப் போகிறார் மனிதர். தைரியந்தான், மறுக்க முடியாது. 1804-இல் குரோ என்ற ஓவியர் அதை வரைந்தார். இன்றும் லூவரில் இருக்கிறது. நெப்போலியன் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு நோயாளியின் அக்குள் கட்டியைத் தொடுகிறார். பின்னால் ஒரு அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருக்கிறார். போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். கடற்கரையில் நடந்ததற்கு அந்தப் படத்தில் ஒரு அடையாளமும் இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

இன்று சிரித்த பக்கம்: நெப்போலியனை ஆட்சித் தலைவராக்கிய புதிய அரசியல் சட்டத்துக்கு 1800-இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பு. 'ஆம்' 30 லட்சம் என்று அறிவித்தார்கள். அதில் ஏறக்குறைய பாதி கணக்கில் எழுதிச் சேர்த்தது. சேர்த்தவர் உள்துறை அமைச்சர் லூசியன், நெப்போலியனின் கூடப்பிறந்த தம்பி. 'இல்லை' வெறும் 1,562. அந்த 1,562 பேரில் யாராவது ஒருவரைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் வந்தால் முதலில் அதை வாங்குவேன்.

ஜூலை 9, செவ்வாய்

சிவில் சட்டத்துக்கு வந்தாயிற்று. 1804, 2,281 பிரிவுகள். எழுதியது போர்த்தாலிஸ், துரோன்ஷே போன்ற சட்ட அறிஞர்கள். ஆனால் அரசவை விவாதங்களில் பலமுறை நெப்போலியனே தலைமையில் உட்கார்ந்து குறுக்கிட்டிருக்கிறார்.

இது எனக்கு வீட்டுச் சமாசாரம். ஆயாவின் குடும்பம், சொந்தச் சாதி வழக்கத்தைத் துறப்பதாக எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போன குடும்பம். 1881-இல் அதற்கென்றே ஓர் ஆணை வந்தது. அந்தச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. தெருவில் பெண்ணுக்கு வீட்டில் பங்கு என்ற பேச்சே எழாத காலத்தில், ஆயாவுக்கு இரண்டு அண்ணன்களோடு சரிசமமாக மூன்றில் ஒன்று வந்தது. தாழ்வாரமும் கிணறும் அவர் பங்கு. கிணற்றடியில் யார் துணி துவைத்தாலும் 'என் கெணறு' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட மாட்டார்.

ஆனால் அதே சட்டத்தில் அன்று இருந்த 213-ஆம் பிரிவு: கணவன் மனைவியைப் பாதுகாக்கக் கடமைப்பட்டவன், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவள். கணவன் ஆசைநாயகியை வீட்டுக்கே கூட்டிவந்து வைத்தால்தான் மனைவி அதைச் சொல்லி விவாகரத்து கேட்கலாம். வெளியே வைத்துக்கொண்டால் கேட்க வழியில்லை. கிணறு கிடைத்த ஆயாவுக்கு இது தெரிந்திருக்குமா? என் சொந்தத் தாத்தா இருந்த லட்சணத்துக்குத் தெரிந்துதான் இருக்கும்.

ஜூலை 12, வெள்ளி

இரண்டு நாளாகப் புத்தகத்தின் மேல் கோபம்.

1794-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. 1802 மே 20-இல் நெப்போலியன் அரசு சட்டம் போட்டு அதற்கு மறுபடி கதவு திறந்தது. கரீபியன் தீவான குவாதலூப்பில் விடுதலையானவர்கள் திரும்ப அடிமையானார்கள். அதை எதிர்த்து நின்ற தெல்கிரேஸ், மே 28-இல் மத்தூபாவில், பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று தோழர்களோடு வெடிமருந்துக்குத் தீ வைத்துக்கொண்டார். செயின்ட் தொமிங்குக்கு (இன்றைய ஹெய்ட்டி) நெப்போலியனின் மைத்துனர் லெக்லேர் தலைமையில் பெரும்படை போனது. அங்கே விடுதலையான அடிமைகளின் தலைவர் தூசான் லூவெர்த்தூரைப் பிடித்துப் பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். ஜூரா மலையில் ஃபோர் து ஜூ கோட்டையில் 1803 ஏப்ரல் 7-இல் செத்தார். லெக்லேரையும் படையில் பெரும்பகுதியையும் மஞ்சள் காய்ச்சல் தின்றது. 1804 ஜனவரி 1-இல் ஹெய்ட்டி பிறந்தது.

இத்தனைக்கும் புத்தகத்தில் பத்துப் பக்கம்கூட இல்லை. ஆஸ்டர்லிட்ஸ் சண்டைக்கு முழு அத்தியாயம், அதுவும் வரைபடத்தோடு. தொனியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. 'கறை', 'வருந்தத்தக்கது' எல்லாம் உண்டு. அப்புறம் ஒரு வரி: அவர் தம் காலத்து மனிதர். எந்தக் காலம்? அவர் காலத்தில்தான் அது ஒழிக்கப்பட்டு எட்டு வருஷம் ஆகியிருந்ததே! ஒழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தவருக்கு இந்தச் சாக்கு எப்படிப் பொருந்தும்? எல்பா தீவிலிருந்து தப்பி வந்து ஆண்ட நூறு நாள் ஆட்சியில், 1815-இல், நெப்போலியன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தார் என்பதையும் ஆசிரியர் எழுதியிருக்கிறார். எழுதட்டும். நான் பக்கத்தை எண்ணுகிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

பஸ்தி நாள், பிரான்சின் தேசிய நாள். கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைக்க, பதக்கம் குத்திக்கொண்டு சொல்தா தாத்தா கிளம்பினார். திரும்பி வந்ததும் பேச்சுக் கொடுத்தேன். பேரரசரானதும் உங்கள் ஆள் தன் பிறந்தநாள் ஆகஸ்ட் 15-ஐத்தானே பெருநாள் ஆக்கினார், ஜூலை 14 எங்கே போச்சு என்றேன்.

"ஏம்மா, பெரிய மனுசன்னா அப்படித்தான். இங்க மட்டும் யாரும் பொறந்தநாள் கொண்டாடலயா?" என்றார். பதில் சொல்லாமல் காபியைக் குடித்தேன்.

ஜூலை 15, திங்கள்

ஊர் விஷயம் ஒன்று. நெப்போலியன் ஆண்ட காலம் முழுக்கப் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில். 1793-இல் பிடித்தது, 1816-இல்தான் திரும்பியது. நடுவில் 1803-இல், ஆங்கிலேயரோடு செய்த அமியேன் சமாதான உடன்படிக்கைப்படி ஊரைப் பொறுப்பேற்க நெப்போலியன் ஜெனரல் தெக்கானை அனுப்பினார். கப்பல் வந்தது, ஆங்கிலேயர் கொடுக்கவில்லை, தெக்கான் மொரிஷியஸுக்குப் போய்விட்டார். நெப்போலியன் சட்டம் இங்கே வந்தது 1819-இல். அப்போது அவர் செயின்ட் ஹெலினாவில் கைதி.

ஜூலை 18, வியாழன்

முடித்துவிட்டுத் தாத்தாவிடம் கொடுத்தேன். வாசிக்கக் கண் தெரியாது, நீயே சொல் என்றார். வாட்டர்லூவைக் கேட்பார் என்று நினைத்தேன். எனக்குத்தான் பொறுக்கவில்லை, தூசான் கதையைச் சொன்னேன். கோட்டையின் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"பொந்தார்லியே பக்கத்துல மலை மேல இருக்குமே, அதா? நான் அந்தப் பக்கம் ட்யூட்டி பாத்திருக்கேன். சட்டைக்கு மேல சட்டை, அதுக்கு மேல கோட்டு போட்டாலும் எலும்புல ஏறும். அங்கயா வச்சாங்க அந்த மனுசன?"

ஆமாம் தாத்தா, ஆகஸ்டிலிருந்து ஏப்ரல் வரைக்கும். விறகைக்கூட அளந்துதான் கொடுத்தார்கள்.

"வெப்ப ஊருக்காரனாச்சே," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பக்கத்துக்கு ஒரு காகிதம் வைத்துக் கொடு, மகன் ஊரிலிருந்து வந்ததும் வாசிக்கச் சொல்கிறேன் என்றார். பஸ் டிக்கெட் ஒன்றை வைத்துக் கொடுத்தேன்.