அம்மா வைத்திருந்த பழைய காலண்டர்கள்

போன மாதம் அம்மா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தோம். தம்பி ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தான். அப்பத்தாவின் பித்தளைக் குத்துவிளக்கு, எங்கள் தொட்டில் கம்பு, அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதிய காலத்து இரும்புப் பெட்டி. அப்புறம் சணல் கயிற்றில் கட்டிய காலண்டர் கட்டுகள், 1988-லிருந்து 2012 வரை ஒரு வருடம் விடாமல். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா என்று தம்பி கேட்டான். அம்மா பதில் சொல்லாமல் கட்டுகளை எண்ணினார். எண்ணி முடித்த பிறகுதான், "அது இருக்கட்டும்டா" என்றார்.

அம்மா 35 வருடம் கிராம சுகாதாரச் செவிலியர். பாம்பன் சாலைப்பாலம் திறந்த அதே 1988-ல் வேலைக்குச் சேர்ந்து, 2023-ல் ஓய்வு பெற்றார். கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கடலை ஒட்டிய ஒரு துணை சுகாதார நிலையம். முன்னால் ஒரு அறை ஊருக்கு, பின்னால் இரண்டு அறை எங்களுக்கு. ஐயாயிரம் பேருக்கு ஒரு நர்சம்மா என்பது அரசாங்கக் கணக்கு. அந்த ஐயாயிரம் பேரும் ஒரே இடத்தில் இருக்க மாட்டார்கள். மீனவர் குடியிருப்பு ஒரு பக்கம், பள்ளிவாசல் தெரு ஒரு பக்கம், உடைமரக் காட்டுக்குள் கரிமூட்டம் போடுகிறவர்கள் ஒரு பக்கம், பனங்காட்டுக்குள் நாலைந்து வீடுகள். எல்லாம் மணல் பாதை. முதலில் நடை, அப்புறம் சைக்கிள், கடைசிப் பதினைந்து வருடம் டிவிஎஸ்.

நர்ஸ் என்றால் ஊசி போடுகிறவர் என்று பலர் நினைக்கிறார்கள். புதன்கிழமையானால் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டதும் அம்மாதான். ஆனால் பக்கத்திலிருந்து பார்த்த எனக்கு, அம்மாவின் வேலையில் பெரும்பங்கு தேதி கண்டுபிடிப்பதாகத்தான் தெரிந்தது.

ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "ஏத்தா, கடைசியா எப்ப தூரமானே?" தூரம் என்றால் எங்கள் பக்கம் மாதவிலக்கு. அந்தத் தேதியோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவத் தேதி வந்துவிடும். மொத்தம் 280 நாள், நாற்பது வாரம். இருபத்தெட்டு நாளை ஒரு மாதமாக வைத்தால் சரியாகப் பத்து மாதம். பத்து மாதம் சுமந்தேன் என்று நம் பெண்கள் சொல்வது கணக்குப்படியும் சரிதான் என்று அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தபோது நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். ஸ்கேன் பக்கத்தில் இல்லாத காலத்தில் எல்லாமே இந்த ஒரு தேதியில்தான் நின்றது. தடுப்பூசி எப்போது, இரும்புச்சத்து மாத்திரை எப்போது, பிறந்த வீட்டுக்கு எப்போது போகலாம், எந்த வலியோடு வந்தால் உடனே ராமநாதபுரத்துக்கு அனுப்ப வேண்டும், எல்லாம்.

ஆனால் அந்தப் பெண்கள் யாரும் தேதியை எண்ணாகச் சொன்னதில்லை.

பாசி எடுக்கப் போகிறவர்கள் அமாவாசை, பௌர்ணமியை வைத்துச் சொல்வார்கள். கடலுக்குள் இறங்கி, விரலில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் இருக்கிற பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் போடும் பெண்கள். "பௌர்ணமி கழிச்சு அப்பா தீவுக்குப் போனோமே, அதுக்கு முத நாளு" என்பார்கள். அம்மாவுக்கு அதுதான் பிடித்த பதில். நிலவைக் காலண்டரில் பார்த்துவிடலாம், தப்பாது. பள்ளிவாசல் தெருப் பெண்களிடம் நோன்பைக் கேட்பார். நோன்பு மாதத்தில் தூரமான நாட்களுக்கு நோன்பு கிடையாது, பின்னால் களா நோன்பு பிடித்து ஈடு செய்ய வேண்டும் என்பதால் எத்தனை விட்டோம், எந்த நோன்பிலிருந்து விட்டோம் என்று அவர்கள் துல்லியமாக வைத்திருப்பார்கள். "பதினேழாம் நோம்புல விட்டேன் லாத்தா" என்று ஒருத்தர் சொன்னால் அம்மா மறு கேள்வி கேட்க மாட்டார். வேறு சிலர் ஓரியூர்த் திருவிழா என்பார்கள், உத்தரகோசமங்கை ஆருத்ரா என்பார்கள், ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரை போய் வந்த மறுநாள் என்பார்கள். காற்றை வைத்துச் சொல்கிறவர்களிடம்தான் அம்மா திணறுவார். "கச்சான் ஆரம்பிச்சப்ப" என்றால் அது எந்த வாரம் என்று யார் சொல்ல முடியும்? பக்கத்து வீட்டில் யாருக்குக் கல்யாணம், அன்றைக்கு எந்தப் படகு வந்தது, என்ன மீன் கிடைத்தது என்று கேட்டுக் கேட்டுத்தான் அதைப் பிடிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பல பெண்களுக்கு நினைவிருப்பது தலைக்கு ஊற்றிக்கொண்ட நாள். மருத்துவக் கணக்குக்கு வேண்டியது தூரமான முதல் நாள். அந்த வீட்டில் மூன்றாம் நாள் குளிக்கிற வழக்கமா, ஐந்தாம் நாளா என்று தெரிந்துகொண்டு அதையும் கழிக்க வேண்டும். அம்மா எந்த வீட்டில் எத்தனையாம் நாள் என்பதை மனப்பாடமாக வைத்திருந்தார்.

இதற்குத்தான் காலண்டர். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு திருவிழா, துல்கஃதா என்ற இஸ்லாமிய மாதத்தில் வரும். ஹிஜ்ரி என்கிற இஸ்லாமிய வருடம் நம் வருடத்தைவிடப் பதினோரு நாள் போலக் குறைவு என்பதால், ஒவ்வொரு வருடமும் அவ்வளவு நாள் முன்னால் நகர்ந்துவிடும். கிறிஸ்தவத் திருவிழாக்கள் ஆங்கிலத் தேதியில் நிற்கும். நம் கோவில் விசேஷங்கள் நட்சத்திரத்தையும் திதியையும் பார்க்கும். ஒரே காலண்டர் இவ்வளவையும் காட்டாது. அப்பா ஒவ்வொரு டிசம்பரிலும் மூன்று காலண்டர் சேகரித்துவிடுவார். மளிகைக்கடையில் ஒன்று, சர்ச்சில் ஒன்று, கீழக்கரையில் ஹிஜ்ரி தேதி போட்ட ஒன்று. உப்பளத்துக் கணக்குப்பிள்ளை கையெழுத்தில், சிவப்பு மையால் மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் குறித்துக் கொடுப்பார். ஜனவரி முதல் தேதி எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் அதுதான். அப்பா சொல்லச் சொல்ல நான் வட்டம் போடுவேன், தம்பி ரூல் தடியைப் பிடித்துக்கொள்வான்.

அப்பத்தாவுக்கு ஆரம்பத்தில் இந்த வேலை பிடிக்கவில்லை. "ரெண்டு புள்ளையையும் போட்டுட்டு ராத்திரியில ஊர் சுத்துறா" என்று திண்ணையில் உட்கார்ந்து சத்தம் போடுவாராம். அம்மா எதிர்த்துப் பேசியதில்லை. ஒரு நாள் அப்பத்தாவிடம், சின்ன அத்தை எப்போது பிறந்தாள் என்று கேட்டிருக்கிறார். தனுஷ்கோடியை அழித்த புயலுக்கு மறுவாரம், வெள்ளிக்கிழமை, விடியும்போது என்று அப்பத்தா சொன்னார். புயல் அடித்தது 1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை. அம்மா விரல் விட்டு எண்ணி, அத்தை பிறந்தது 1965 ஜனவரி 1 என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டுக் கொடுத்த ஜூன் தேதியையே அத்தை அதுவரை பிறந்த நாளாக நினைத்திருந்தார். அப்பத்தா அன்றிலிருந்து அம்மா பக்கம். பழைய புயல், பஞ்சம், ஊர்த் திருவிழா எது எந்த வருடம் என்று யாருக்காவது குழப்பம் வந்தால் அப்பத்தாதான் தீர்த்து வைப்பார். பின்னால் அப்பத்தா வாதம் வந்து ஆறு வருடம் படுக்கையில் இருந்தபோது, அம்மா ஊர் வேலைக்குக் கிளம்பும் முன் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் பவுடர் போட்டுவிட்டுத்தான் போவார். மதியம் வெயிலில் மூன்று மைல் திரும்பி வந்து மறுபடியும் புரட்டுவார். ஆறு வருடத்தில் ஒரு படுக்கைப் புண் இல்லை. இதை நான் பெருமையாகவே எழுதுகிறேன்.

அம்மா தவறவிட்ட ஒரு தேதியைப் பற்றியும் எழுத வேண்டும். இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுது. நடந்ததுதானே" என்றார்.

வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். கரிமூட்டம் போடும் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்த பெண், தலைப்பிரசவம். சந்தனக்கூடு முடிந்த மூன்றாம் நாள் தூரமானதாகச் சொன்னாள். அம்மா ஏர்வாடி என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டு அட்டையில் எழுதினார். அவள் சொன்னது அவள் பிறந்த ஊர் தர்காவின் சந்தனக்கூடு. அது ஏர்வாடிக்கு ஒரு மாதம் முந்தி. வலி வந்து அவள் போன ஆஸ்பத்திரியில் அட்டையைப் பார்த்தார்கள். வயிற்றைத் தொட்டும் பார்த்தார்கள். இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது, இது பொய் வலி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு காட்டுக்குள் குடிசையில், பக்கத்தில் பழகிய கை ஒன்றும் இல்லாமல் பிரசவம் ஆனது. குழந்தை அழவில்லை.

கருப்பை நெஞ்சுக்குழி வரை ஏறினால் 36 வாரம். அதற்குப் பிறகு, முதல் பிள்ளையாக இருந்தால், தலை இறங்கும்போது வயிறும் கூடவே கொஞ்சம் இறங்கும். நிறைமாத வயிறு பார்ப்பதற்கு எட்டு மாத வயிறு போல ஆகிவிடும். அட்டையில் எட்டு மாதம் என்று இருந்து, வயிறும் எட்டு மாதம் போலத் தெரிந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? ஆனால் அம்மா அப்படிச் சமாதானம் ஆகவில்லை. "நாலு நாள் முன்னாடி நான் பார்த்தேன். மேல் வயிறு லேசாயிருக்கு, மூச்சு வாங்கலைன்னு அவளே சொன்னா. தலை இறங்கியிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்.

எனக்கு அப்போது ஏழு வயது. அம்மா கிணற்றடியில் சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. மறுநாள் அம்மா அந்தக் குடிசைக்குப் போனார். அப்புறம் நாற்பது நாளும் போனார். அந்தப் பெண்ணுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்திருந்தது. அம்மாவோடு அவள் முகம் கொடுத்துப் பேசவே இல்லையாம். இரண்டு வருடம் கழித்து மறுபடி நாள் தள்ளிப்போனபோது அவளாகத்தான் வந்தாள். வாசலில் நின்றுகொண்டு முதலிலேயே ஊர்ப் பெயரைச் சொல்லி, அப்புறம் சந்தனக்கூட்டைச் சொன்னாள். அந்தப் பையன் இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான்.

காலம் மாறியது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 1987-ல் தொடங்கியபோது 300 ரூபாய். அது 2018-ல் 18,000 ஆனது, 12 வாரத்துக்குள் பதிந்துகொள்ளப் பெண்கள் தாங்களாகவே வர ஆரம்பித்தார்கள். 2008-ல் 108 வண்டி வந்தது. மருந்துக்கடையில் கர்ப்பப் பரிசோதனை அட்டை, மூன்றாம் மாதத்திலேயே ஸ்கேன், கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசாங்கம் தரும் பிக்மி எண். ஸ்கேன் ரிப்போர்ட்டில் பிரசவத் தேதி அச்சடித்தே வந்துவிடுகிறது. 2012-க்கு அப்புறம் அம்மா காலண்டர் சேர்க்கவில்லை. அதில் அம்மாவுக்கு வருத்தமே இல்லை. "நான் கண்டுபிடிக்கிறதைவிட அது சரியா சொல்லுது. பின்னே என்ன?" என்பார்.

நான் முதல் பிள்ளை உண்டானபோது கோயம்புத்தூரில் இருந்தேன். ஸ்கேன் தேதியைப் போனில் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது நான் சாமி கும்பிட வராமல் திண்ணையில் இருந்தேனே, அதை வைத்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது என்றார். அம்மா அதைக் கவனித்ததே எனக்குத் தெரியாது. பிள்ளை பிறந்ததும் பேறுகாலச் செலவு சாமான், பால்சுறா எல்லாம் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார்.

பரணைச் சுத்தம் செய்த அன்று மாலையே ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாசிக்குப் போகிற பெண். மகளுக்கு ஆதாரில் ஒரு தேதி, பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, எதுவும் ஒத்துப்போகவில்லை. பிறப்புப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம் என்றால் எந்தத் தேதியில் தேடுவது என்று தெரியவில்லை.

"நீங்கதான நர்சம்மா பிரசவம் பாத்தீங்க. சந்தனக்கூட்டுக்குக் கொடியேத்துன அன்னைக்கு."

"எந்த ஊர்ச் சந்தனக்கூடு?"

"ஏர்வாடிதான்."

வருடம் 1996-ஆ 97-ஆ என்று அந்த அம்மாவுக்குச் சந்தேகம். அம்மா இரண்டு கட்டையும் பிரிக்கச் சொன்னார். அப்பாவின் சிவப்பு மை மங்கி, ஆரஞ்சு நிறமாகியிருந்தது. தான் பார்த்த பிரசவங்களை அம்மா அந்தந்தத் தேதிக் கட்டத்துக்குள் பென்சிலால் குறித்து வைத்திருப்பார். கொடியேற்றத்துக்கு அப்பா போட்ட வட்டத்துக்குப் பக்கத்தில், 96-ல் ஒன்றும் இல்லை. 97-ல் 'பெ, 2.6' என்று இருந்தது. பெண் குழந்தை, இரண்டு கிலோ அறுநூறு.

"இதைச் சான்றா யாரும் எடுக்க மாட்டாங்க. ஆனா தேதி இதுதான். இந்தத் தேதியைச் சொல்லித் தேடச் சொல்லுங்க" என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்.

மகள் தாளை வாங்கிக்கொண்டு எழுந்தாள். அம்மா அவளை வாசல் வெளிச்சத்தில் நிற்க வைத்து, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. கொல்லைப்பக்கம் திரும்பி, "தம்பி, முருங்கையில ரெண்டு கிளை ஒடிச்சுட்டு வா" என்றார்.