கால் உடைந்த பிசி 108

மலர்க் குழுவினர் பள்ளி நினைவுகளை எழுதச் சொன்னதும், கிரிக்கெட்டையும் நாடக விழாவையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். என்னிடம் இருப்பது ஒரு தீப்பெட்டி. அதற்குள் ஒரு கால் இல்லாத பிசி 108, அதாவது சிறு மின்னோட்டத்தைப் பெரிதாக்கும் ஒரு டிரான்சிஸ்டர். நான் எழுத வேண்டியது அதைப் பற்றித்தான்.

அறிவியல் கண்காட்சிக்கு நான் செய்தது ஒரு மைக்ரோபோன் பெருக்கி. பெருக்கி என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஒரு பிசி 108, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் இரண்டு ரெசிஸ்டர்கள், இரண்டு கபாசிட்டர்கள், 9 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். டிரான்சிஸ்டருக்குக் கால்கள் மூன்று: பேஸில் நுழையும் சிறு மின்னோட்டம், கலெக்டரிலிருந்து எமிட்டருக்கு ஓடும் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைக்கும். கலெக்டரில் 4.7 கிலோ ஓம், பேட்டரியிலிருந்து பேஸுக்கு நேராக 1 மெகா ஓம், எமிட்டர் நேரே தரைக்கு. இதிலிருந்து ஒரு கம்பியைப் பழைய வானொலிப் பெட்டியின் இசைத்தட்டு உள்ளீட்டில் செருகிப் பேசினால், அறை முழுதும் என் குரல். இவ்வளவு குறைந்த உறுப்புகளில் முடித்துவிட்டேன் என்ற கர்வம் எனக்கு. மாஸ்டர் வரைபடத்தைப் பார்த்தார். “தம்பி, இது ஓடுகிறதா?” என்றார். “ஓடுகிறது சார்.” “அப்படியா, ஆச்சரியம்தான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

கண்காட்சிக்கு முதல் நாள் மாலை, பலகையை இடம் மாற்றும்போது டிரான்சிஸ்டரின் கலெக்டர் கால் அடியோடு முறிந்தது. பலமுறை வளைத்து நிமிர்த்திய கம்பி, எத்தனை நாள் தாங்கும்? பதறவில்லை. பெட்டியில் இன்னொரு பிசி 108 இருந்தது. அதே எண், அதே உலோக உறை, விளிம்பில் எமிட்டரைக் காட்டும் அதே சிறு நாக்கு. மாற்றிப் பற்றவைத்தேன். பேசினேன். வந்தது குரல் அல்ல. தொண்டையை யாரோ நெரிப்பது போன்ற ஒரு கரகரப்பு, அதுவும் கத்தினால் மட்டும். கம்பிகளை எல்லாம் திரும்பத் திரும்பப் பற்றவைத்தேன். பேட்டரியை மாற்றினேன். கடைசியில் டிரான்சிஸ்டரே பழுது என்று தீர்ப்பெழுதிவிட்டு மாஸ்டரிடம் போனேன்.

அவர் சால்டரிங் அயர்னைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரை என் கையில் கொடுத்து, “கலெக்டரில் எவ்வளவு?” என்றார். அளந்தேன். 0.1 வோல்ட்டுக்குச் சற்று மேல். “நேற்று எவ்வளவு இருந்தது?” நேற்று நான் அளக்கவே இல்லை. ஓடுகிற ஒன்றை எதற்கு அளக்க வேண்டும்?

அப்போது அவர் கரும்பலகையில் கிடையாக இரண்டு கோடுகள் போட்டார். மேலே கூரை, 9 வோல்ட். கீழே தரை, சுழியம். நடுவில் ஒரு குச்சி மனிதன். “இவன் குதிக்கவும் வேண்டும், குந்தவும் வேண்டும். எங்கே நிற்க வைப்பாய்?” நடுவில் என்றேன். “உன் ஆள் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறான். குந்து என்றால் எங்கே குந்துவான்?” பயஸ் என்ற சொல்லைப் புத்தகத்தில் பலமுறை படித்திருந்தேன். அது அந்தக் குச்சி மனிதனின் நிற்கும் இடம், ஒலி வராதபோது கலெக்டர் மின்னழுத்தம் நிற்கும் இடம், என்பது அன்றுதான் புரிந்தது.

அவன் ஏன் விழுந்தான் என்பதற்கும் கணக்குப் போட வைத்தார். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே ஏறக்குறைய 0.6 வோல்ட் போனால், மீதி 8.4 வோல்ட் 1 மெகா ஓமில் விழுகிறது. பேஸ் மின்னோட்டம் 8.4 மைக்ரோ ஆம்பியர். இதை டிரான்சிஸ்டர் எத்தனை மடங்காக்குகிறது என்பதில்தான் வில்லங்கம்; அந்த மடங்குக்குப் பெயர் பீட்டா. பிசி 108 என்று மட்டும் அச்சிட்ட உறைக்குள் 110 மடங்கும் இருக்கலாம், 800 மடங்கும் இருக்கலாம். பின்னால் ஏ, பி, சி என்று எழுத்து இருந்தால் வீச்சு சுருங்கும்: ஏ என்றால் 110 முதல் 220, பி என்றால் 200 முதல் 450, சி என்றால் 420 முதல் 800. என்னுடையவற்றில் எழுத்தே இல்லை. புதியதை அவரது சோதனைக் கருவியில் செருகியபோது 290 காட்டியது. 8.4 மைக்ரோ ஆம்பியரை 290 ஆல் பெருக்கினால் 2.4 மில்லி ஆம்பியர். அது 4.7 கிலோ ஓமில் 11 வோல்ட்டுக்கு மேல் விழ வேண்டும். இருப்பதோ 9. டிரான்சிஸ்டர் பழுதில்லை. சொன்னதைச் செய்யப் போய்த் தரையில் முட்டிக்கொண்டது.

“பீட்டாவை நம்பிச் சுற்று போடாதே. அது ஜாதகம் மாதிரி, ஆளுக்கு ஆள் வேறு” என்றார்.

பிறகு அவர் போட்ட சுற்றில் ரெசிஸ்டர்கள் நான்கு. எனக்கு அது வீண் செலவாகவே பட்டது. ஆனால் அவர் கணக்குப் போட்ட வரிசை இன்றும் என் கையில் இருக்கிறது. டிரான்சிஸ்டரிலிருந்து தொடங்கவில்லை. கலெக்டரில் 1 மில்லி ஆம்பியர் போதும் என்று முதலில் முடிவு செய்தார். அது 4.7 கிலோ ஓமில் கிட்டத்தட்ட பாதி மின்னழுத்தத்தை எடுத்துக்கொள்ளும். எமிட்டரில் 1 கிலோ ஓம், அங்கே ஏறக்குறைய 1 வோல்ட். எனவே பேஸ் 1.6 வோல்ட்டில் இருக்க வேண்டும். மேலே 100 கிலோ ஓம், கீழே 22 கிலோ ஓம் வைத்துப் பிரித்தால் அது கிடைக்கும். அந்த இரண்டின் வழியே ஓடுவது பேஸ் எடுப்பதைப் போலப் பத்து மடங்காவது இருந்தால், பேஸ் கொஞ்சம் கூடக் குறைய உறிஞ்சினாலும் 1.6 அசையாது.

எமிட்டர் ரெசிஸ்டரின் வேலையை அவர் சொன்ன விதம் மறக்காது. மின்னோட்டம் ஏறப் பார்த்தால் எமிட்டர் மேலே எழும்பும். பேஸ் அதே இடத்தில் இருப்பதால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறையும். உடனே மின்னோட்டம் அடங்கும். “தன் காதைத் தானே திருகிக்கொள்ளும் பையன்” என்றார். சூட்டையும் அதுவே சமாளிக்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் 2 மில்லி வோல்ட் அளவுக்குக் குறைகிறது. எமிட்டரில் 1 வோல்ட் நிற்கும்போது அந்தச் சில்லறை தெரியாது. பெட்டியிலிருந்த டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாகச் செருகிக் கலெக்டரை அளந்தோம். அரை வோல்ட் கூட மாறவில்லை.

ஒலிதான் சிறுத்துவிட்டது. பெருக்கம் 4.7 ஐ ஒன்றால் வகுத்த அளவுதான், ஐந்து மடங்கு கூட இல்லை. நான் வெற்றிச் சிரிப்புச் சிரித்தேன். அவர் 100 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர் ஒன்றை எமிட்டர் ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் வைத்தார். மாறிக்கொண்டே இருக்கும் ஒலிக்கு அது குறுக்குவழி, மாறாமல் நிற்கும் பயஸுக்கு மூடிய கதவு. கணக்குப்படி 150 மடங்குக்கும் மேல். என் குரல் பக்கத்து வகுப்பறை வரை கேட்டது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு அவரிடம் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. மின்னழுத்தம் தாங்குமா, மின்னோட்டம் தாங்குமா, சூடு தாங்குமா, இந்த மூன்றுக்கும் ஆம் என்றால் கைக்குக் கிடைத்ததைப் போடு என்பார். முதல் எழுத்து ஏ என்றால் ஜெர்மானியம், பி என்றால் சிலிக்கான். இரண்டாவது சி என்றால் சிறிய ஒலி வேலை, டி என்றால் பெரிய ஒலி வேலை. மைக்ரோபோனை ஒட்டி வரும் முதல் படிக்கு மட்டும் இரைச்சல் குறைந்த பிசி 109 வைக்கச் சொன்னார். அது எங்கள் பெட்டியில் இல்லை.

போன மாதம் தீப்பெட்டியைத் திறந்தேன். பிசி 108 இன் கலெக்டர் உள்ளே உலோக உறையோடு இணைந்திருக்கும் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரியும். அன்றே தெரிந்திருந்தால் உறையில் ஒரு கம்பியைச் சுற்றிக் கண்காட்சியை ஒப்பேற்றியிருப்பேன், மாஸ்டரிடம் போயிருக்கவே மாட்டேன். இப்போது மீட்டரின் ஒரு முனையை உறையில் அழுத்தி, மற்ற இரண்டையும் மிஞ்சிய கால்களில் கவ்வவிட்டேன். பீட்டா 118 என்று காட்டியது. பழைய சுற்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கலெக்டரில் 4.3 வோல்ட், ஏறக்குறைய நட்ட நடு.

ஆச்சரியம்தான்.