மதுரையிலிருந்து ஜான்சிக்கு: மே மாத நாட்குறிப்பு

ஏப்ரல் 30, மதுரை

அண்ணன் இன்றும் அதே கணக்கைப் போட்டார். ஜான்சி ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர். நாளுக்கு 525 வீதம் நான்கே நாள். ஐந்தாம் நாள் குளித்துவிட்டு அலுவலகத்துக்குப் போகலாம். பதினொன்றாம் தேதி நான் அங்கே பணியில் சேர வேண்டும் என்பதால் நான்கு நாள் என்ற சொல் அவருக்கு நிம்மதி தருகிறது. அது காரில் போகிறவர் கணக்கு என்று சொன்னால் அவர் முகம் வாடிவிடுகிறது. ஆனால் மோட்டார் சைக்கிளில் போகும்போது சாய்ந்துகொள்ள இடமில்லை. கழுத்து ஹெல்மெட்டைச் சுமக்கிறது, நெஞ்சு காற்றை எதிர்க்கிறது, இரண்டு உள்ளங்கைகளும் எஞ்சினின் அதிர்வை நாள் முழுக்க வாங்கிக்கொண்டே இருக்கின்றன.

சென்னைக்கு ஒரே நாளில் 460 கிலோமீட்டர் போயிருக்கிறேன். மறுநாள் பகல் முழுவதும் படுத்தே கிடந்தேன். இந்த முறை அப்படிப் படுக்க முடியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் ஏறி உட்கார வேண்டும். ஆகவே நாளுக்கு 300 என்று எழுதி வைத்திருக்கிறேன். ஏழு நாள், அதோடு இரண்டு நாள் கையிருப்பு.

மே 1

செயினுக்கு எண்ணெய் இட்டு, டயரில் காற்றுப் பார்த்து, பையை மூன்று முறை கட்டி அவிழ்த்தேன். தூக்கம் வரவில்லை.

மே 2, கிருஷ்ணகிரி. 342 கி.மீ.

விடியுமுன் 5 மணிக்குப் புறப்பட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்தேன். நாமக்கல் வரை வண்டி தானாகவே ஓடுவது போலிருந்தது. தொப்பூர்க் கணவாயில் எனக்கு ஏற்றம். எதிர்ப்பக்கம் சேலத்தை நோக்கி இறங்கும் லாரிகளின் பிரேக் சூடேறிய நாற்றம் ஹெல்மெட்டுக்குள் வந்தது. அந்த இறக்கத்தில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று எண்ணியபோது என்னை அறியாமல் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். தர்மபுரியில் கையுறையைக் கழற்றியபோது வலது சுண்டுவிரல் மரத்திருந்தது.

அம்மா அழைத்து, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

மே 3, அனந்தபூர். 304 கி.மீ.

எண்ணிக்கையில் நேற்றை விடக் குறைவு. உடம்புக்கு நேற்றை விட அதிகம். பெங்களூரைக் கடந்ததுதான் காரணம். ஞாயிறு போல் சாலை காலியாக இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி 7 மணிக்கு உள்ளே நுழைந்தேன். வடக்கே வெளிவரும்போது 9.15. நகருக்குள் ஓட்டிய 40 கிலோமீட்டரில் எத்தனை முறை கிளட்சைப் பிடித்தேன் என்பதற்கு இடது மணிக்கட்டு சாட்சி. நகரத்து ஒரு கிலோமீட்டரை நெடுஞ்சாலையின் மூன்று கிலோமீட்டராகக் கணக்கில் எழுதினால்தான் நாளின் உண்மையான தூரம் கிடைக்கும்.

சிக்பள்ளாப்பூருக்கு அப்பால் சாலை நேராக விரிந்தது. காதடைப்பான் வைத்த பிறகு மனம் அமைதியானது. 80 கிலோமீட்டர் வேகத்திலேயே ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபெலைத் தொடக்கூடியது. மாலையில் வரும் தலைவலிக்கு வெயிலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன், பாதிக் காரணம் இந்த இரைச்சல். சுண்டுவிரலோடு மோதிர விரலின் வெளிப்பாதியும் இப்போது மரத்திருக்கிறது. உள்ளங்கையின் அடிமேட்டில் ஒரே நரம்பு அமுங்குவதால் இவை இரண்டும் சேர்ந்தே மரக்கும். பிடியைத் தளர்த்த வேண்டும் என்று தெரியும். லாரி அருகில் வந்தால் கை தானாக இறுகிவிடுகிறது.

மே 4, காமாரெட்டி. 478 கி.மீ.

கத்திரி தொடங்கிய நாளில் இவ்வளவு தூரம் வருவேன் என்று நினைக்கவில்லை. கர்நூலில் துங்கபத்திரையைக் கடந்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. வலி இல்லை, சோர்வு இல்லை, நிறுத்த மனமும் வரவில்லை. ஜட்சர்லாவில் தங்குவதாக இருந்தேன். அங்கே இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப ஏறிவிட்டேன். ஹைதராபாத்தின் வெளிவட்டச் சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பதால் நகரின் குறுக்கே வர வேண்டியிருந்தது. பிற்பகல் 3 மணி வெயிலில் சிக்னல் சிக்னலாக நின்றேன். இங்கே வந்து சேரும்போது இருட்டிவிட்டது.

அண்ணன் தொலைபேசியில், "பார்த்தாயா, நான் சொன்னேன் அல்லவா" என்று மகிழ்ந்தார். அவர் சொன்னது சரிதானோ என்று எனக்கும் தோன்றுகிறது. மணி 12 ஆகிவிட்டது. கண்ணை மூடினால் சாலை ஓடிக்கொண்டே இருக்கிறது.

மே 5, நிர்மல். 108 கி.மீ.

இன்று இவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை.

மே 6, நிர்மல். ஓய்வு.

நேற்று எழுத முடியாததை இன்று எழுதிவிடுகிறேன்.

சோன் அருகே கோதாவரியைக் கடந்ததும் நிர்மலின் திருப்பத்தைப் பார்த்ததும் நினைவில் இருக்கின்றன. அதற்குப் பிறகு ஒரு வெற்றிடம். பிறகு சக்கரத்தின் அடியில் கடகடவென்ற அதிர்வு; ஓரக் கோட்டின் மேடுகளில் வண்டி ஏறி ஓடிக்கொண்டிருந்தது. கண் விழித்தபோது சாலையின் விளிம்புக்கும் எனக்கும் இடையே இரண்டு முழம் இருந்திருக்கும். கண் எப்போது மூடியது என்று தெரியவில்லை. தூக்கம் வருகிறது என்ற உணர்வே எனக்கு வரவில்லை என்பதுதான் நேற்றிலிருந்து என்னை அலைக்கழிக்கிறது. கொட்டாவி வந்தால் நிறுத்துவேன், கண் எரிந்தால் நிறுத்துவேன் என்று எனக்கு நானே விதி வைத்திருந்தேன். இரண்டுமே வரவில்லை, அல்லது வந்ததைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை.

70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 19.4 மீட்டர். நான்கு நொடி என்றால் 78 மீட்டர். இந்த எழுபத்தெட்டை நேற்றிரவு எத்தனை முறை பெருக்கிப் பார்த்தேனோ தெரியாது.

அப்போது மணி காலை 9. வெயில் ஏறவில்லை, அன்று ஓட்டியிருந்ததோ நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். அன்றைய தூரத்தை மட்டும் பார்த்தால் களைப்புக்குக் காரணமே இல்லை. கடன் முந்தைய நாட்களுடையது. நான்காம் தேதி விடியுமுன் மூன்றரைக்கு எழுந்தவள் நள்ளிரவுக்குப் பிறகு படுத்து, மீண்டும் நான்குக்கு எழுந்தேன். அதற்கு முந்தைய மூன்று இரவுகளிலும் ஐந்து மணி நேரம் தாண்டவில்லை. பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கையசைவும் இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவருடையதை ஒத்திருக்கும் என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். நம் சட்டம் ஓட்டுநருக்கு விதித்திருக்கும் எல்லை 0.03. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத நான் அந்த எல்லையைத் தாண்டியவளைப் போல் ஹைதராபாத்தையும் காமாரெட்டியையும் கடந்திருக்கிறேன்.

லாரி, பேருந்து ஓட்டும் தொழிலாளியின் வேலை நேரம் நாளுக்கு எட்டு மணி என்று 1961-ஆம் ஆண்டின் சட்டம் வகுத்திருந்தது. அதில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது என்றும் இருந்தது. கூலிக்கு ஓட்டுகிறவருக்கே இந்தக் காவல் இருக்கும்போது, சொந்த விருப்பத்தில் ஓட்டுகிற நான் நான்காம் தேதி பதின்மூன்று மணி நேரம் வண்டியின் மேல் இருந்ததைத் தடுக்க எவரும் இல்லை.

வண்டியை மெல்லத் திருப்பிக்கொண்டு வந்து, முதலில் தெரிந்த தேநீர்க் கடையில் நிறுத்தினேன். கை நடுங்கியதைக் கடைக்கார அம்மாள் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் வேப்பமரத்தடியில் கிடந்த கயிற்றுக் கட்டிலைக் காட்டி, மண் பானையிலிருந்து மோர் எடுத்துக் கொடுத்தார். "மஜ்ஜிக" என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. உப்பும் இடித்த இஞ்சியும் போட்ட மோர். ஹெல்மெட்டைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தவள் எழுந்தபோது நண்பகல் கடந்திருந்தது. முழங்கை முதல் மணிக்கட்டு வரை கட்டில் கயிற்றின் பின்னல் சிவப்பாகப் பதிந்திருந்தது. மோருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

இன்னொன்றும் எழுத வேண்டும். வழி நெடுகத் தண்ணீரைக் குறைத்துக் குடித்து வந்திருக்கிறேன். பெண்கள் கழிப்பறை பூட்டியிருக்கும், அல்லது கதவில் தாழ்ப்பாள் இருக்காது. அதை எண்ணி நான்காம் தேதி காலையிலிருந்து மாலை வரை ஒரு லிட்டர்கூடக் குடிக்கவில்லை. ஓடும் காற்றில் வியர்வை அரும்பும் முன்பே காய்ந்துவிடுவதால் வியர்க்கவில்லை என்றே நினைத்துக்கொள்கிறோம். அன்று இரவு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனதைப் பார்த்தும் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. என்னைப் போல் ஓட்டும் பெண்கள் எல்லாரும் இந்தக் கணக்கைப் போடுகிறோம். ஓர் இடத்தின் தாழ்ப்பாள் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்து என் களைப்பு அமைகிறது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அண்ணனிடம் வயிறு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

மே 7, ஹிங்கன்காட். 210 கி.மீ.

எட்டு மணி நேரம் தூங்கினேன். 5 மணிக்குப் புறப்பட்டு 10.40-க்கு அறைக்கு வந்துவிட்டேன். தேதி நெருங்குகிறது என்ற நினைப்பு பெண்கங்கைப் பாலத்தில் ஒருமுறை வந்தது, ஆக்சிலேட்டரைத் திருக்கவில்லை.

விதர்பா வெயிலைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் குறைவுதான். காற்றின் சூடு தோலின் சூட்டைத் தாண்டிவிட்டால், ஜாக்கெட்டைத் திறந்து ஓட்டுவது உடம்பைக் குளிர்விப்பதற்குப் பதிலாக வேக வைக்கும். எனவே பருத்தித் துண்டை நனைத்துக் கழுத்தில் சுற்றி, ஜாக்கெட்டை மூடியே ஓட்டினேன். இருபது நிமிடத்தில் துண்டு அப்பளம்போல் விறைத்துவிடுகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நனைத்தேன், ஒவ்வொரு நிறுத்தத்திலும் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை அரை லிட்டர் குடித்தேன். கழிப்பறை இல்லாத இடத்தில் சாலையோரத்து வீடுகளில் கேட்டேன். இரண்டு வீட்டில் கேட்டேன், இரண்டிலும் உள்ளே அழைத்தார்கள்.

எழுபத்தெட்டு மீட்டர்.

மே 8, சிவனி. 205 கி.மீ.

நாக்பூரை 7 மணிக்கு முன்பே கடந்தேன். பெஞ்ச் காட்டில் விலங்குகள் அடியில் கடந்து செல்வதற்காகச் சாலையைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். மத்தியப் பிரதேச எல்லைக்குப் பிறகு வெளிச்சமும் இரைச்சலும் காட்டுக்குள் போகாதபடி இரு பக்கமும் உயர்ந்த தடுப்புகள் வருகின்றன. காட்டுக்கு அது நல்ல காரியம். எனக்கு அந்தச் சுவர்களுக்கு நடுவே கண்ணுக்கு வேலையில்லாமல் போனது, ஐந்தாம் தேதியின் பயம் வந்தது. சத்தமாகப் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே போனேன். பதின்மூன்று பதினாறில் தடுமாறியதும், தடுப்புகள் முடிந்த இடத்தில் நிறுத்தித் தேநீர் குடித்து உடனே இருபது நிமிடம் கண் மூடினேன். தேநீர் வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆவதால், எழும்போது தூக்கத்தின் பலனும் தேநீரின் பலனும் சேர்ந்து கிடைக்கின்றன. அது கால் மணி நேரத்துக்கு மேல் தூங்காதவர்களுக்கும் உதவும்.

அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நான் கேட்க மாட்டேன் அம்மா, எத்தனை மணிக்கு நிறுத்துவாய் என்று சொல்" என்றார்.

மே 9, சாகர். 245 கி.மீ.

11 மணிக்கு நிறுத்துவேன் என்றேன், 10.50-க்கு நிறுத்திவிட்டேன். பர்மானில் நர்மதையைக் கண்டேன். இடுப்பு வலிக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது.

மே 10, லலித்பூர். காலை 8.30.

ஜான்சிக்கு இன்னும் 95 கிலோமீட்டர். முன்பு போலிருந்தால் நிற்காமல் போயிருப்பேன். கடைசி நூறு கிலோமீட்டரில்தான் வீடு வந்துவிட்டது என்று மனம் முந்திக்கொண்டு ஓடும், கை பின்தங்கிவிடும். பூரியை ஒதுக்கிவிட்டு இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டேன். நாளை பணியேற்புக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் இந்தத் தாளின் மேல் சுண்டுவிரல் படுவது இன்னும் எனக்குத் தெரியவில்லை.