சார்னோகைட் பாறையும் நம் பொது மூதாதையும்

கோத்தகிரி லாங்வுட் சோலையின் ஓரமாக நடக்கும் நாள்களில் லைக்கன் படர்ந்த ஒரு பாறையருகே நின்றுவிடுவேன். நாம் குருமாவில் போடும் கல்பாசிக்கு அது உறவு. பூஞ்சையும் பாசியும் ஓருடலாக வாழும் அதன் செல்களிலும், அதைத் தொடும் என் விரலின் செல்களிலும், சிறு விலக்குகள் தவிர, மரபுச் செய்தி ஒரே குறியீட்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது: மூன்றெழுத்துச் சொற்கள் 64, அவை குறிக்கும் அமினோ அமிலங்கள் 20. இத்தகைய ஒற்றுமை தற்செயலாக அமைந்திருக்க இயலாது என்பதே இன்றுள்ள உயிர்கள் அனைத்துக்குமான பொது மூதாதையைத் தேடுவதற்கு முதல் காரணம்.

தேடும் முறை ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்குவதைப் போன்றது. ஒரே பிழை இரண்டு சுவடிகளில் இருந்தால் இரண்டும் ஒரே படியிலிருந்து வந்தவை என்று பதிப்பாசிரியர் கொள்வார். செல்லுக்குள் புரதங்களைக் கட்டும் அமைப்பான ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வை இவ்வாறு ஒப்பிட்டுத்தான் 1977இல் உயிரியலாளர்கள் கார்ல் ஊசும் ஜார்ஜ் ஃபாக்ஸும், பாக்டீரியா என்று எண்ணப்பட்டவற்றுள் ஒரு கூட்டம் தனிக் கிளை என்று கண்டார்கள். இன்று அதனை ஆர்க்கியா என்கிறோம். பாக்டீரியா, ஆர்க்கியா ஆகிய இவ்விரு கிளைகளும் பிரியும் கவட்டில் நிற்பதே நம் மூதாதை.

ஆனால் நுண்ணுயிர்கள் பெற்றோரிடமிருந்து மட்டுமன்றி அண்டை உயிர்களிடமிருந்தும் மரபணுக்களைப் பெற்றுக்கொள்கின்றன. ஒரு சுவடியின் ஏடு வேறொரு கட்டில் சேர்ந்துவிட்ட கதைதான். 2016இல் ஜெர்மனியில் வில்லியம் மார்ட்டின் குழுவினர் ஏறத்தாழ 61 லட்சம் மரபணுக்களைச் சலித்து, கலப்பின் ஐயம் குறைந்த 355 புரதக் குடும்பங்களை மட்டுமே மூதாதைக்கு உரியவை என்றனர். 2024இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் முன்னின்ற ஆய்வோ, மரபணு இடமாற்றத்தையும் கணக்கிலேயே சேர்த்து, சுமார் 2,600 புரதங்கள் இருந்திருக்கலாம் என்றும், அவ்வுயிர் வாழ்ந்தது ஏறத்தாழ 420 கோடி ஆண்டுகளுக்கு முன் என்றும் மதிப்பிட்டது. இரண்டும் முரண்பட்டவை என்று நான் கருதவில்லை. முன்னது உறுதியானவற்றை மட்டும் எண்ணியது, பின்னது இருந்திருக்கக்கூடியவற்றையும் எண்ணியது.

நீலகிரியின் சார்னோகைட் பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். பள்ளி நாள்களில் மலையைவிடப் பழையது எதுவுமில்லை என்று நினைத்திருந்த எனக்கு, என் செல்லுக்குள் இயங்கும் ரைபோசோம் இம்மலையினும் மூத்த மரபு என்று அறிந்த நாள் இன்றும் நினைவிருக்கிறது.

இந்த மூதாதையை முதல் உயிர் என்று பலர் கொள்வது சரியன்று. ரைபோசோம் போன்ற நுட்பமான அமைப்பு அதனிடம் ஏற்கெனவே இருந்ததால், அதற்கு முன்னும் நெடிய பரம்பரை இருந்திருக்க வேண்டும். அது தனித்தும் வாழவில்லை. வைரஸ்களை எதிர்க்கும் தொடக்கநிலைக் காப்பு அதனிடம் இருந்திருக்கலாம் என்று அதே 2024ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. அதன் அண்டையில் வாழ்ந்த பிற உயிர்களின் நேர் வழித்தோன்றல்கள் எவையும் இன்று இல்லை.