மார்ச் வீட்டு ஜன்னலும் லண்டன் இருட்டடிப்பும்

சென்னையில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்களுக்குக் காப்பி எடிட்டிங் செய்வது என் வேலை. பெரும்பாலும் மேலாண்மைப் பாடநூல்கள்தான் வரும், அதனால் லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ கதையை 1941 லண்டனுக்கு நகர்த்தி எழுதிய கைப்பிரதி ஒன்று வந்தபோது டீமில் எல்லாருக்கும் அதன் மேல் ஒரு கண். என் கைக்கு வந்தது.

மூலமே போர்க்கால நாவல்தான், பலருக்கு அது மறந்துவிடுகிறது. 1868இல் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர், அப்பா ராணுவத்தில் பாதிரியார், வீட்டில் அம்மாவும் நான்கு பெண்களும், இதுதான் மார்ச் குடும்பம். ஒரு போரை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் ஆயிற்று என்று இந்த ஆசிரியர் நினைத்திருப்பார் போல. நடை அழகு. ஆனால் மூலத்தில் பக்கத்து வீட்டு லாரி, விளக்கேற்றிய பிறகு மார்ச் குடும்பம் அம்மாவோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைத் தன் வீட்டிலிருந்து ஏக்கத்தோடு பார்ப்பான் இல்லையா, அது அப்படியே இதிலும் இருந்தது. இரண்டாம் உலகப் போர் என்பதால் 1939 செப்டம்பரிலிருந்தே பிரிட்டனில் இருட்டடிப்பு, அதாவது எதிரி விமானங்களுக்குத் தெரியாதபடி ராத்திரியில் வெளிச்சத்தை மறைத்துவிட வேண்டும். ஜன்னலில் ஒரு கீற்று வெளிச்சம் கசிந்தாலும் அதைக் கண்காணிக்கும் வார்டன் வந்து கதவைத் தட்டுவார், அபராதம் வேறு. பையன் எதைப் பார்ப்பான்?

அப்புறம் நான்கு பெண்களில் இரண்டாமவள் ஜோவின் கவுன். கணப்புக்கு முன்னால் நின்று நின்று முதுகுப்பக்கம் பொசுக்கிக்கொள்வாளே, அது. மூலத்தில் சிரிப்போடு போய்விடும். 1941 ஜூனிலிருந்து பிரிட்டனில் துணிக்கும் ரேஷன், முதல் வருடம் ஆளுக்கு 66 கூப்பன், ஒரு கம்பளி கவுனுக்கே 11 போய்விடும். கையில் காசிருந்தாலும் கூப்பன் தீர்ந்தால் அக்காவிடம்தான் போய் நிற்க வேண்டும், நான்கு பெண்கள் இருக்கும் வீட்டில் சண்டைக்கு இதைவிட என்ன வேண்டும்? இங்கே ஜோ அடுத்த அத்தியாயத்திலேயே புதுக் கவுனில் வந்து நிற்கிறாள்.

“கமா, ஸ்பெல்லிங் பார்க்கத்தான்மா நமக்குக் காசு, கதையைத் திருத்த இல்லை” என்றார் டீம் லீட். காலக் குழப்பத்தைச் சுட்டிக்காட்டுவதும் நம் வேலைதானே சார் என்றேன். “சரி, கேள்வியாகக் கேளுங்க, கை வைக்காதீங்க.”

ஆசிரியருக்கான கேள்விகளில் இரண்டையும் போட்டேன். பதில் வந்தது. ஜன்னல் காட்சியை எடுத்துவிட்டு, தோட்டத்துப் பதுங்குகுழியில் தனியாக உட்கார்ந்திருக்கும் லாரிக்குப் பக்கத்துக் குழியிலிருந்து பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்பதாக மாற்றியிருந்தார். மூலத்தில்கூட அவன் தனிமை இவ்வளவு உறைக்காது. கவுனுக்கு மட்டும் ‘ஸ்டெட்’, அதாவது இருக்கிறபடியே விடுங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டார், கூப்பன் பேச்சே இல்லாமல் அது அச்சுக்கும் போய்விட்டது.