குறைந்த தொகையில் துப்பாக்கிப் பெட்டகம் வாங்கிய அனுபவம்

அப்பா விட்டுச் சென்ற இரட்டைக்குழல் துப்பாக்கியும் ஒரு ரைஃபிளும் உரிம மாற்றம் முடிந்து என் பொறுப்புக்கு வந்தபோது, ஏற்கெனவே என்னிடமிருந்த கைத்துப்பாக்கியோடு சேர்த்து மூன்றாயின. மூன்றையும் மர அலமாரி ஒன்றில் வைத்துப் பூட்டி, சாவியை அதன் மேல்தட்டில் போட்டு வைத்திருந்தேன். ஏழு வயது மகள் தொலைந்த பந்தைத் தேடி நாற்காலி போட்டு ஏறி, அதே மேல்தட்டைத் துழாவிக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தேன். பெட்டகம் வாங்குவதென்று அன்றே முடிவாயிற்று. கையில்தான் அதிகப் பணம் இல்லை.

முதலில் என் கண்ணைக் கவர்ந்தது, 24 துப்பாக்கிகள் கொள்ளும் என்று எழுதி ஒட்டியிருந்த, ஆளுயரப் பெட்டகம். கைரேகைப் பூட்டு, உள்ளே வெல்வெட் விரிப்பு, கதவைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு தாழ்த்தண்டுகள் என்று பார்க்கவே மிரட்டலாக இருந்தது. விலையோ என் தொகைக்குள் அடங்கியது. முன்பணம் கொடுக்கவிருந்த நேரத்தில், ஏதோ தோன்றிப் பக்கவாட்டுத் தகட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினேன். தகடு உள்வாங்கி, விரலை எடுத்ததும் 'டொப்' என்று மீண்டது. மறுநாள் வெர்னியர் காலிப்பரோடு போய், அடித்தளத்தில் போல்ட் போடுவதற்காக விட்டிருந்த துளையின் வழியே அளந்தேன், 1.2 மில்லிமீட்டர்தான் இருந்தது. முக்கால் சாண் தடிமன் என்று நான் நினைத்திருந்த கதவும், வளைத்த மெல்லிய தகட்டுக்குள் ஜிப்சம் பலகை அடைத்ததுதான்.

அதன் பிறகு எந்தப் பெட்டகத்தைப் பார்த்தாலும் தகட்டின் தடிமனைத்தான் முதலில் கேட்டேன். பலர் அதைக் கேஜ் கணக்கில் சொல்வார்கள். இதில் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. 18 கேஜ் என்றால் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், 14 என்றால் 1.9, 12 என்றால் 2.7, 10 என்றால் 3.4. விற்பனையாளர் மொத்த எடையைப் பெருமையாகச் சொல்லும்போது நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பேன்: ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள 1 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சுமார் 7.85 கிலோ இருக்கும். பெட்டகத்தின் மொத்தப் பரப்பையும் தடிமனையும் இதனோடு பெருக்கினால், சொன்ன எடையில் இரும்பு எவ்வளவு, ஜிப்சம் எவ்வளவு என்பது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

தரச்சான்றைப் பற்றியும் எனக்கிருந்த மயக்கம் தெளிந்தது. பொருள்களைச் சோதித்துச் சான்றளிக்கும் அமெரிக்காவின் யூஎல் நிறுவனம் வீட்டுப் பெட்டகங்களுக்குத் தரும் ஆர்எஸ்சி (வீட்டுப் பாதுகாப்புப் பெட்டகம்) சான்றின் அடிப்படை நிலை, ஒருவர் சாதாரணக் கைக்கருவிகளோடு 5 நிமிடம் முயன்றும் திறக்க முடியவில்லை என்பதைத்தான் சொல்கிறது. ஐரோப்பாவில் ஈஎன் 14450 தரத்தின் எஸ்1, எஸ்2 நிலைகள் இந்த வகைப் பெட்டகங்களுக்கானவை. வீட்டுப் பெட்டகம் திருடனின் நேரத்தைத் தின்னும், அவ்வளவுதான். அந்தச் சில நிமிடங்களுக்கு உதவுபவை தடித்த தகடும், கடப்பாரை நுழைய இடம் தராத கதவு விளிம்பும்தான். மெல்லிய சட்டத்தில் எத்தனை தாழ்த்தண்டு மாட்டினாலும் சட்டமே வளைந்து கொடுத்துவிடும்.

தீத்தடுப்பை நான் விட்டுக்கொடுத்தேன். இதில் எல்லோரும் என்னோடு உடன்படமாட்டார்கள். ஜிப்சத்துக்குள் இருக்கும் நீர் சூட்டில் ஆவியாகி உள்வெப்பத்தைச் சிறிது நேரம் தாழ்த்தி வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் 'ஒரு மணி நேரம் தீயைத் தாங்கும்' என்ற வாசகம், எத்தனை டிகிரி வெப்பத்தில், யார் சோதித்தது என்று சொல்லாதவரை எனக்கு வெறும் ஸ்டிக்கர்தான். குறைந்த தொகையில் இரும்பையும் தீக்காப்பையும் ஒன்றாகக் கேட்டால் இரண்டுமே அரைகுறையாகத்தான் கிடைக்கும். உரிமத்தையும் மற்றக் காகிதங்களையும் தனியாக ஒரு சிறிய தீத்தடுப்புப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

பூட்டு விஷயத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பேட்டரியில் இயங்கும் மலிவான எண் பூட்டுகள் பலவற்றில் சோலனாய்டு என்ற மின்காந்தச் சுருள் ஒன்று சிறு ஊசியை இழுத்தால்தான் கைப்பிடி திரும்பும். அந்த ஊசியைத் தடுத்து வைத்திருப்பது ஒரு மெல்லிய ஸ்பிரிங் மட்டுமே. ஒரு கடையில், அனுமதி கேட்டுக்கொண்டு, சிறிய பெட்டகம் ஒன்றின் தலையில் முஷ்டியால் ஓங்கிக் குத்தியபடியே கைப்பிடியைத் திருப்பினேன். மூன்றாவது குத்தில் கதவு திறந்துகொண்டது. விற்பனையாளர் என்னைவிட அதிகமாகத் திடுக்கிட்டார். சாவிப் பூட்டு வேண்டாம், சாவியை ஒளித்து வைக்கும் பழைய தொல்லை திரும்பிவிடும் என்பதால், சுழற்றும் டயல் பூட்டை எடுத்தேன். திறக்க அரை நிமிடம் பிடிக்கிறது. ஆனால் பேட்டரி தீர்ந்துபோகும் கவலை இல்லை.

அளவைத் தீர்மானித்தது ரைஃபிள்தான். இரட்டைக்குழலைக் கழற்றினால் குழல் ஒரு துண்டு, கட்டை ஒரு துண்டு என்று அடங்கிவிடும். 110 சென்டிமீட்டர் ரைஃபிளுக்கோ உள்ளுயரம் வேண்டும், மேலே பொருத்திய தொலைநோக்கிக்கு ஆழமும் வேண்டும். பெட்டகத்தில் எழுதியிருக்கும் எண்ணிக்கையைப் பாதியாக்கிக்கொள்வதே நல்லது. ஐந்து துப்பாக்கிகள் கொள்ளும் என்று விற்கப்பட்டதை, தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டறை உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். உடல் 3 மில்லிமீட்டர், கதவு 5 மில்லிமீட்டர், எடை எழுபது கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

எழுபது கிலோவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்பதால், கொஞ்சம் பணத்தைத் தரையில் பதிக்கும் வேலைக்கென்று முதலிலேயே ஒதுக்கியிருந்தேன். அறையின் மூலையில், கதவு திறக்கும் விளிம்பு பக்கச் சுவரை ஒட்டி வரும்படி நிறுத்தினோம்; அங்கே கடப்பாரையை நுழைத்தாலும் நெம்புவதற்கு இடமிருக்காது. கான்கிரீட் தரையில் 12 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் நான்கு. மூன்றாவது துளையில் டிரில் முனை உள்கம்பியில் இடித்துக் கிறீச்சிட்டது. பெட்டகத்தையே இரண்டு விரல்கடை நகர்த்தி, நான்கையும் மறுபடி துளைத்தோம். கூட வந்தவர் அன்று என்னிடம் பிறகு பேசவே இல்லை.

எல்லாம் முடிந்தது என்றிருந்தேன். ஐந்தாவது வாரம் கைத்துப்பாக்கியை எடுத்தபோது, மேற்பகுதியில் தோலுறை படிந்திருந்த கோட்டிலேயே செம்பழுப்புத் துரு பொட்டுப் பொட்டாகப் பூத்திருந்தது. பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து உலோகத்தோடு ஒட்டவைக்கும் என்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை. ஒரு சிறிய ஈரப்பதமானியை உள்ளே வைத்துப் பார்த்தேன், 68 சதவீதம் காட்டியது. எண்ணெய் தொட்ட நுண்ணிய எஃகுக் கம்பளியால் துருவை மெல்லத் தேய்த்தெடுத்தேன். ஒரு தழும்பு மட்டும் நின்றுவிட்டது. தோலுறை இப்போது வெளியே தொங்குகிறது. அடித்தட்டில் சிலிக்கா ஜெல் டப்பா ஒன்று இருக்கிறது. மணிகள் நிறம் மாறியதும் மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் வைக்கிறேன். இன்று காலை 48 காட்டியது.