ஒரு பல் தள்ளி

அப்பாவின் 2006 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் பிளஸ், காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் இடது பக்கம் கரகரவென்று அரைக்கும். டேப்பெட் (வால்வு இடைவெளி) என்று நினைத்து இரண்டு முறை அட்ஜஸ்ட் செய்தாயிற்று. டேப்பெட் சத்தம் 'டிக் டிக்' என்று தனித்தனியாக விழும். இது உரசிக்கொண்டே இருந்தது. பிஸ்டனோடு சுற்றும் கிராங்கையும் வால்வுகளைத் திறக்கும் கேமையும் இணைக்கும் டைமிங் செயின்தான். நாங்கள் ஆயில் மாற்றிய லட்சணத்துக்கு இத்தனை நாள் தாங்கியதே பெரிது.

மின்சாரம் தயாரிக்கும் காந்தச் சக்கரமான மேக்னட்டை இழுத்துக் கழற்ற, தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் மேக்னட் புல்லரை இரவல் கேட்டேன். "சுத்தியல மட்டும் எடுத்துடாத தம்பி" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

ஆயிலை வடித்து, இடது கவர், மேக்னட், அதன் பின்னாலிருக்கும் காயில் பிளேட் என்று வரிசையாகக் கழற்றினேன். பிளக்கையும் கழற்றிவிட்டால் கிராங்கைக் கையால் சுற்றுவது சுலபம். கேம் ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கி போல வளைந்திருந்தன. செயின் தொய்யாமல் அழுத்திப் பிடிக்கும் டென்ஷனர் புஷ் ராடின் முனை ரப்பர் கல்லாக இறுகிக் கிடந்தது. பாதிச் சத்தம் அதனால்தான் என்று நினைக்கிறேன். கிராங்க் பக்கத்துச் சின்னப் பல்சக்கரம் நன்றாக இருந்ததால் அதைத் தொடவில்லை. புதுச் செயினைக் கம்பியில் கோத்து, கேம் இருக்கும் ஹெட் பக்கம் இழுத்தேன்.

சிக்கல் குறிகளைப் பொருத்துவதில் வந்தது. மறுபடி மாட்டிய மேக்னட்டில் உள்ள 'டி' எழுத்து இன்ஜின் கோட்டுக்கு நேராக நிற்கும்போது, கேம் ஸ்பிராக்கெட்டின் சின்ன வட்டம் ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேராக வர வேண்டும். வந்தது. சரி என்று போல்ட்டுகளை இறுக்கி, டென்ஷனரையும் போட்டேன். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று வரும் என்பதால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தேன். வட்டம் ஒரு பல் தள்ளி நின்றது! டென்ஷனர் இல்லாத பக்கம் செயினைத் தொய்வாக விட்டிருக்கிறேன். டென்ஷனர் அழுத்தியதும் கேம் நகர்ந்துவிட்டது. மறுபடி கழற்றி, அந்தப் பக்கத்தை விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு மாட்டினேன். இம்முறை நான்கு சுற்று சுற்றியும் அசையவில்லை.

மூன்றாவது கிக்கில் ஸ்டார்ட் ஆனது. அரைக்கும் சத்தம் போயே போச்சு. அப்பா மட்டும் "முன்னாடியும் இப்படித்தானே இருந்துச்சு" என்றார்.

மறுநாள் காலை வண்டிக்கு அடியில் இரண்டு சொட்டு ஆயில். காயில் பிளேட்டுக்குப் பின்னால், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் புதிதாகப் போடாமல் பழையதையே போட்டிருந்தேன். புல்லரை மறுபடி இரவல் வாங்கப் போனபோது அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. புது ஓ-ரிங்கையும் சேர்த்தே கையில் வைத்தார்.